நலம் விசாரித்தவன்

விம்கோ நகர்,
9 ஜூன் 2025, திங்கள்

மதிப்பிற்குரிய பாய்,

வணக்கம். கண்ணில் கட்டுப் பிரித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பக்ரீத் அன்று வாழ்த்துச் சொல்ல உங்கள் கைப்பேசிக்கு மூன்று முறை அடித்தேன். மூன்று முறையும் சுஃபியான் தம்பிதான் எடுத்தார். அத்தா தூங்குகிறார் என்றார். அதனால்தான் ஆம்பூருக்கு, உங்கள் மகள் வீட்டு விலாசத்துக்குத் தபாலில் எழுதுகிறேன். உங்களிடம் வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது.

மின்னஞ்சலில் எழுதாததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. நம் அலுவலக மெயில் பெட்டிக்குள் வேறொருவன் உட்கார்ந்திருக்கிறான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வியாழக்கிழமை மாலை நாலு பத்துக்கு உங்கள் பெயரில் எனக்கு ஒரு மெயில் வந்தது. உங்கள் முகவரியிலிருந்தே வந்தது, அதில் எந்தப் பிசகும் இல்லை. பெரம்பூர் சுப்புராயன் இறக்குமதி செய்த செம்புக் கம்பி கன்டெய்னரை வழக்கமான லாரிக்குக் கொடுக்க வேண்டாம், அந்த வண்டி எண்ணூர் சாலையில் பழுதாகி நிற்கிறது, வேறு லாரி பேசிவிட்டேன், எண் இது, ஓட்டுநர் பெயர் இது, பெருநாள் விடுமுறைக்கு முன்னால் கன்டெய்னர் யார்டுக்கு அனுமதிக் கடிதம் கொடுத்துவிடு என்று எழுதியிருந்தது. கப்பல் பெயர் சரியாக இருந்தது. சீல் எண் சரியாக இருந்தது. பேத்தி அனமுக்குக் காதுவலி எப்படி இருக்கிறது என்று உங்கள் மகள் அஜீசுன்னிசாவுக்கு அனுப்பும் வாராந்திர மெயிலில் கேட்டிருந்தேனே, அதற்கும் பதில் இருந்தது. கடைசி வரியில், கண்ணுக்கு மருந்து விட்டிருக்கிறார்கள், பேசினால் மகள் கோபிக்கிறாள், போன் செய்யாதே என்று இருந்தது.

நான் சந்தேகப்படவில்லை, பாய். சந்தோஷப்பட்டேன். ஊருக்குப் போகும்போது, மகளிடம் மெயில் அடிக்கக் கற்றுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். கற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன்.

அனுமதிக் கடிதத்தில் முத்திரை வைத்து அனுப்பினேன். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வண்டி யார்டை விட்டு வெளியே போயிருக்கிறது. சனிக்கிழமை பெருநாள். ஞாயிற்றுக்கிழமை சுப்புராயன் கூப்பிட்டு, சரக்கு எங்கே என்று கேட்டார். மீஞ்சூர் தாண்டி ஒரு காலி மனையில் லாரியும் கன்டெய்னரும் நிற்பதை இன்று காலை கண்டுபிடித்தார்கள். உள்ளே ஒரு சுருள்கூட இல்லை. வண்டியின் நம்பர் பிளேட் பொய்.

அந்த மெயிலை நீங்கள் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் கையால் அப்படி ஒரு வரி எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
ஃப்ளோரன்ஸ்


ஆம்பூர்,
13-6-25

அன்பு ஃப்ளோரன்ஸ்,

அல்லாஹ் உனக்கும் உன் மகள் ஆன்சிக்கும் சலாமத்தைக் கொடுக்கட்டும்.

நான் எழுதவில்லை. எனக்கு இன்னும் மெயில் அடிக்கத் தெரியாது. மகள் இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தாள், பிறகு கண்ணில் நீர் வந்து விட்டுவிட்டேன்.

பெரிய எழுத்தில்தான் எழுத முடிகிறது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். பொறுத்துக்கொள்.

சுஃபியான் நேற்று வந்தான். வக்கீலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். நம் ஆபீஸ் மெயில்கள் எல்லாம் என் பெயரில் போகின்றன, ஆனால் அடிப்பது நீ என்று நம் மூன்று பேருக்குத்தான் தெரியும். பதினோரு வருடமாக என் பாஸ்வேர்டு உன்னிடம். என் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் உன் மேசை டிராயரில். கஸ்டம்ஸ் ஏஜென்ட் லைசென்ஸ் என் பெயரில் இருக்கும்போது அதை இன்னொருவர் கையில் கொடுத்தது வெளியே தெரிந்தால் கஸ்டம்ஸ் லைசென்ஸைப் பிடுங்கிவிடும் என்று வக்கீல் சொல்கிறாராம். ஆகவே போலீஸ் கேட்டால், பாய் மெயிலைப் பாய்தான் எழுதுவார் என்று சொல். அவ்வளவுதான். அதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை. மனதில் இருப்பதை நான்தானே சொன்னேன், நீ அடித்தாய்.

பாஸ்வேர்டை மாற்று. பயப்படாதே. ஆபீசை விட்டு ஒரு நாளும் உன்னை வெளியே நிற்க வைத்ததில்லை நான்.

மஜீது


விம்கோ நகர்,
18 ஜூன் 2025

மதிப்பிற்குரிய பாய்,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. செவ்வாய்க்கிழமை காவல் நிலையத்தில் நீங்கள் சொன்னபடியே சொன்னேன். சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

ரகுபதி என்று ஒரு சப்-இன்ஸ்பெக்டர். சத்தம் போடுகிறவர் இல்லை. வியாழக்கிழமை வந்த மெயிலை அச்செடுத்து மேசையின் ஒரு பக்கம் வைத்தார். நான் என் சொந்தப் பெயரில் அனுப்பிய பழைய மெயில்களை இன்னொரு பக்கம் வைத்தார். சிவப்புப் பேனாவால் ஒரே மாதிரியான வரிகளுக்கு அடியில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். "அலைச்சல் கொடுப்பதற்கு மன்னியுங்கள்." "வீட்டில் அனைவரும் சௌக்கியம்தானே, அதன் பிறகு வேலை." "மழைக்கு முன்னால் முடித்துவிட்டால் இருவருக்கும் நிம்மதி." இப்படி ஒன்பது இடங்கள். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னாமா, ரெண்டும் ஒரே கையி மாதிரி கீதே. பாயி எழுதுனா உன் மாதிரி ஏன் எழுதுறாரு?"

சுஃபியான் தம்பி பக்கத்து நாற்காலியில் இருந்தார். அத்தா மெயிலை அத்தாதான் எழுதுவார் என்று அவரும் சொன்னார். பிறகு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மெயில் ஏன் எனக்குச் சந்தேகம் தரவில்லை என்று அந்த நிமிடம்தான் புரிந்தது. அது என் பாஷை, பாய். பதினோரு வருடமாக உங்கள் பெயரில் நான் எழுதியதையெல்லாம் திருடன் உட்கார்ந்து படித்திருக்கிறான். துணி தைப்பவர் வெட்டுத் துண்டுகளைச் சேர்த்து ஒரு தலையணை உறை தைப்பது போல, என் வரிகளை வெட்டி எனக்கே ஒரு கடிதம் தைத்திருக்கிறான். உங்கள் பேச்சில் எழுதியிருந்தால் கண்டுபிடித்திருப்பேன். நீங்கள் ஒருவரையும் மன்னியுங்கள் என்று கேட்டதில்லை.

இனி சொல்லப்போவதை முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வெட்கத்தில் விட்டுவிட்டேன்.

அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டது நான்தான். பிப்ரவரியில் என் வீட்டுக்காரர் பிராங்கிளினுக்கு முதல் வருட நினைவுத் திருப்பலிக்குக் கொடுத்திருந்தேன். கோயில் வார மடலில் வழக்கம்போல இறந்தவர் பெயர், நாள், நேரம், ஒப்புக்கொடுப்பவர் பெயர் எல்லாம் அச்சாகி வந்தது. அந்த மடலை இப்போது இணையத்திலும் போடுகிறார்கள். நாலாம் நாள் அலுவலகப் பெட்டிக்கு ஒரு மெயில். அதே நேரத்துக்கு இன்னொரு குடும்பமும் பூசைக்குக் கொடுத்திருப்பதால் பிராங்கிளின் பெயர் விட்டுப்போகலாம், இன்றைக்குள் உறுதி செய்யவும் என்று. கீழே அழுத்த ஒரு இடம். அழுத்தினேன். நம் மெயில் பக்கம் மாதிரியே ஒன்று வந்து பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தேன். கோயிலுக்கு நடந்து போனால் ஆறு நிமிடம், பாய். போய்க் கேட்டிருக்கலாம். அவர் பெயர் வாசிக்கப்படாமல் போய்விடுமோ என்ற பதற்றத்தில் அந்த ஆறு நிமிடம் தோன்றவில்லை. கோயிலிலிருந்து அப்படி எதுவும் அனுப்பவில்லை என்று இப்போது விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அனிஷாவை வரவழைத்தேன். பெட்டியின் அமைப்பைத் திறந்து காட்டினாள். பிப்ரவரி பத்தாம் தேதியிலிருந்து நமக்கு வரும் ஒவ்வொரு மெயிலின் நகலும் யாருக்கோ போய்க்கொண்டிருந்திருக்கிறது. வீட்டுத் தொட்டியில் ஓட்டை போட்டுக் குழாய் செருகியது போல. பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் அந்தக் குழாய் அடைபடாதாம். அதையும் எடுத்துவிட்டாள். இனி உள்ளே நுழையப் பாஸ்வேர்டோடு என் கைப்பேசிக்கு வரும் எண்ணும் வேண்டும்.

ஆனால் நேற்று சாயங்காலம் என் சொந்த மெயிலுக்கு, உங்கள் பெயரில், ஏதோ புது முகவரியிலிருந்து ஒன்று வந்தது. "வாயைத் திறக்காமல் இரு, ஃப்ளோரன்ஸ். சுஃபியான் உன்னைப் பார்த்துக்கொள்வான். ஆன்சி படிப்புக்கு நான் பொறுப்பு." திருடனா, நீங்களா, தம்பியா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மூன்று பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறீர்கள். பதில் போடவில்லை.

நீங்கள் எழுதச் சொன்னதா அது?

ஃப்ளோரன்ஸ்


ஆம்பூர்,
23-6-25

ஃப்ளோரன்ஸ்,

நான் எழுதச் சொல்லவில்லை. ஆனால் சுஃபியான் என்னிடம் அதே வார்த்தைகளைச் சொன்னான். ஆன்சி படிப்பைப் பற்றியும் சொன்னான். நீ எழுதினாயா என்று கேட்டேன். இல்லை என்றான். என் மகன் முகத்தைப் பார்த்து உண்மையா என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்கு இன்னும் கண் வரவில்லை.

பிராங்கிளின் விஷயத்துக்கு நீ வெட்கப்படாதே. பாவிகள். செத்தவர் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டினால் யார்தான் திறக்க மாட்டார்கள்.

நீ எழுதியதை மகள் இரண்டு தடவை வாசித்தாள். படுத்துக்கொண்டு யோசித்தேன். நான் பதினெட்டு வயதில் துறைமுகத்தில் டாலி கிளார்க்காகச் சேர்ந்தேன். மூட்டை எண்ணுகிற வேலை. கப்பல் பக்கம் ஒருவன் நிற்பான், கரைப் பக்கம் ஒருவன் நிற்பான். கிரேனில் சரக்கு இறங்க இறங்க இருவரும் தனித்தனியாகக் குறிப்பார்கள். ஷிஃப்ட் முடிந்து இரண்டு சீட்டும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து. கரைக்காரன் சாப்பிடப் போனான் என்று கப்பல்காரனே இரண்டு சீட்டும் எழுதினால், அன்றைக்குக் கட்டாயம் மூட்டை காணாமல் போகும். எண்ணுகிறவன் திருட வேண்டாம். பார்த்துக்கொண்டிருக்கிறவன் திருடுவான்.

நம் ஆபீசில் பாய் பக்கச் சீட்டும் நீ எழுதினாய், ஃப்ளோரன்ஸ் பக்கச் சீட்டும் நீ எழுதினாய். எழுதச் சொன்னது நான். எனக்கு சௌகரியமாக இருந்தது. எல்லோரும், பாய் எவ்வளவு அழகாக எழுதுகிறார், எவ்வளவு மரியாதை என்று சொன்னபோது தலையாட்டினேன். ஒரு நாளும் மறுக்கவில்லை.

இதை இங்கே, உனக்கு எழுத முடிகிறது. போலீசுக்கு எழுத இன்னும் துணிவு வரவில்லை. ஏழு பேர் நம்மிடம் வேலை செய்கிறார்கள். லைசென்ஸ் போனால் ஏழு பேரும் தெருவில். எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடு.

மஜீது


விம்கோ நகர்,
28 ஜூன் 2025, சனி

பாய்,

அவகாசம் என் கையில் இல்லை. ஜூலை ஏழாம் தேதி, திங்கட்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லி நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். என் துறைமுக பாஸை வாங்கிக்கொண்டார்கள். கையில் துணிமணி எடுத்து வர வேண்டுமா என்று ரகுபதி சாரிடம் கேட்டேன். "அத்த அன்னிக்குப் பாத்துக்கலாம்மா" என்றார். ஆன்சிக்கு இதை நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு நாளாக என் எதிரில் சிரிக்கிறாள், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள்.

சுப்புராயன் தினமும் வருகிறார். திட்டுவதில்லை. வாடிக்கையாளர் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, போகும்போது என்னிடம், "போன வருஷம் எம் பொண்ணு பிரசவத்துக்கு எவ்ளோ அழகா விசாரிச்சு எழுதனாரு பாயி. உங்க கையில மாட்டுனாரே" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அந்த மெயிலை எழுதியது நான். அவர் மகளுக்கு ரத்தம் ஏற்றியதைக் கேட்டு அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

இதைவிட மோசமான செய்திக்கு வருகிறேன். வியாழக்கிழமை வண்ணாரப்பேட்டை அமீர் நேரில் வந்தார், தோல் வியாபாரி. உங்கள் பெயரில் அவருக்கு மெயில் போயிருக்கிறது. கண் ஆபரேஷன் கெட்டுப்போய் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறேன், உங்கள் அம்மாவுக்குக் கண் பார்த்தாரே ஒரு டாக்டர், அவர் பெயரும் உங்கள் கன்டெய்னர் காகிதங்களும் அவசரமாக வேண்டும் என்று.

"அம்மாவுக்குக் கண்ணு பாத்தது எங்க வூட்டுக்கும் பாயிக்கும்தான் தெரியும். அதனாலயே நம்பிட்டேன். காயிதத்த அனுப்பத்தான் போனேன். பாயி ஆஸ்பத்திரில கீறாருன்னா ஒரு எட்டு பாத்துட்டு வரலாமேன்னு வண்டிய எடுத்தேன். எந்த ஆஸ்பத்திரின்னு கேக்கத்தான் இங்க வந்து நிக்கிறேன்" என்றார்.

பார்த்துவிட்டு வரலாம் என்று அவருக்குத் தோன்றியதால் தப்பினார். மற்றவர்களுக்குத் தோன்றுமா?

அன்று உட்கார்ந்து பழைய மெயில்களை முதலிலிருந்து படித்தேன். அவன் படித்த மாதிரியே படித்துப் பார்த்தேன். யார் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், யாருக்குச் சர்க்கரை, யார் தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை, யார் மகன் துபாயில் வேலை இழந்தான், எல்லாம் இருக்கிறது. நான் கேட்டேன், அவர்கள் சொன்னார்கள். பாய் நம்மை மறக்கவில்லை என்று மனம் விட்டுச் சொன்னார்கள். ஒரு தெருவில் எந்த வீட்டில் எந்தத் தாழ்ப்பாள் லூசாக இருக்கிறது என்று நானே வீடு வீடாகக் குறித்து வைத்தது மாதிரி இருக்கிறது. குழாயைப் பிடுங்கிவிட்டோம். குடித்த தண்ணீரை அவனிடமிருந்து வாங்க முடியாது.

நமக்கு அறுபத்து மூன்று வாடிக்கையாளர்கள். நேற்று முதல் ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறேன். பாயிடமிருந்து அவசரம், ரகசியம், போன் செய்யாதே என்று எது வந்தாலும் நிறுத்துங்கள், அதில் இருக்கும் எண்ணுக்குப் பேசாதீர்கள், உங்களிடம் பழைய டைரியில் இருக்கும் எண்ணுக்குப் பேசுங்கள், இல்லையென்றால் அமீர் மாதிரி நேரில் வாருங்கள் என்று சொல்கிறேன். அவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். பாய் எழுத்து எங்களுக்குத் தெரியாதா அம்மா, பொய் என்றால் கண்டுபிடிக்க மாட்டோமா என்று.

அதற்கு உண்மையைத் தவிர வேறு பதில் கிடையாது. உங்களுக்குத் தெரிந்த எழுத்து பாயுடையது இல்லை, என்னுடையது, அதைத்தான் அவன் எடுத்துக்கொண்டான் என்று சொன்னால்தான் பயப்படுகிறார்கள். பயந்தால்தான் தப்பிப்பார்கள். பத்தொன்பது பேரிடம் சொல்லிவிட்டேன். சுஃபியான் தம்பி காதுக்குப் போயிருக்கும். திங்கட்கிழமையிலிருந்து நான் ஆபீசுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வீட்டிலிருந்து கூப்பிடுவேன்.

ஏழாம் தேதி நானும் உண்மையைத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் நான் சொன்னால் தப்பிப்பதற்காகச் சொல்கிறாள் என்பார்கள். முதல் நாள் பொய் சொன்னவள் என்பார்கள். நீங்கள் சொன்னால்தான் அது உண்மை. உங்களை வற்புறுத்தவில்லை. நீங்கள் என்னை வெளியே நிற்க வைத்ததில்லை என்று எழுதினீர்கள். இப்போது வெளியேதான் நிற்கிறேன்.

ஃப்ளோரன்ஸ்


ஆம்பூர்,
4-7-25, வெள்ளி

அன்பு ஃப்ளோரன்ஸ்,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. மூன்று நாளும் பதில் எழுதாமல் இருந்தேன். அதற்கு எனக்கு நியாயம் கிடையாது.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு அஜீசுன்னிசா கைப்பேசிக்கு ஒரு மெயில் வந்தது. உன் பெயரில். மகள் வாசித்தாள். அவளை எழுதித் தரச் சொல்லி, அப்படியே உனக்குத் தருகிறேன்:

"பாய், திங்கட்கிழமை நீங்கள் அலைய வேண்டாம். ரகுபதி சாரிடம் நானே பேசிவிட்டேன், பழி என்னோடு போகட்டும். ஏழு பேர் பிழைப்பு பெரிது. ஆன்சியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சொட்டு மருந்தை நேரத்துக்கு விடுங்கள். கோபத்தில் எழுதியதற்கு மன்னியுங்கள்."

மறுபடி வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். எனக்கு அழுகை வந்தது. பிறகு உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு நிம்மதி வந்தது. ஒரு மாதமாக வராத தூக்கம் நேற்று வந்தது.

சுபுஹு தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் பயம் பிடித்தது. நான் என்ன கேட்க ஆசைப்பட்டேனோ அது ஒன்று விடாமல் அந்த மெயிலில் இருக்கிறது. வர வேண்டாம். லைசென்ஸ் போகாது. நீ கோபித்துக்கொள்ளவில்லை. மருந்தைப் பற்றிக்கூட மறக்கவில்லை. உனக்குப் பிராங்கிளினை வைத்து எழுதினார்கள், அமீருக்கு அம்மாவை வைத்து எழுதினார்கள். எனக்கு என் கோழைத்தனத்தை வைத்து எழுதியிருக்கிறார்கள். மூன்று பேரில் எளிதாக ஏமாந்தது நான்தான். எனக்கு அவர்கள் பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, நீ தூங்கு என்று சொன்னால் போதுமாக இருந்தது.

யார் எழுதியது? திருடனாக இருக்கலாம். சுஃபியான் வக்கீலுக்கு எல்லாவற்றையும் மெயிலில்தான் எழுதுகிறான், அவன் பெட்டிக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. என் மகனாகவும் இருக்கலாம். இந்த இரண்டில் எது நல்லது என்று நான் துஆ கேட்க முடியவில்லை. மூன்றாவதாக, நீயே எழுதியிருக்கலாம். அதற்குத்தான் அதிகம் பயப்படுகிறேன். நீ செய்யக்கூடியவள்.

அந்த மெயிலுக்குப் பதில் போட்டு, நீயா என்று கேட்கலாம் என்றாள் மகள். எழுதியவனிடமே கேட்டு என்ன பயன், அவன் ஆமாம் என்பான். உனக்குப் போன் போடலாம் என்றாள். போட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். திருடன் சொன்னதையே நீயும் நல்ல மனதோடு சொல்வாய். நான் மறுபடி தூங்கிவிடுவேன். ஆகவே கேட்கவில்லை. எழுதியது யாராக இருந்தாலும் நான் செய்ய வேண்டியது மாறாது.

திங்கட்கிழமை விடியற்கால ரயிலில் அஜீசுன்னிசாவோடு வருகிறேன். சுஃபியானிடம் சொல்லவில்லை. பதினோரு வருடத்தில் ஒரு மெயில்கூட நான் எழுதியதில்லை என்றும், பாஸ்வேர்டும் டோக்கனும் என் கையால் உன்னிடம் கொடுத்தேன் என்றும், போலீசில் மறைக்கச் சொன்னவனும் நான்தான் என்றும் ரகுபதியிடம் என் வாயால் சொல்வேன். அதற்குப் பிறகு கஸ்டம்சுக்குப் போய் அங்கேயும் சொல்வேன். லைசென்ஸ் போகும். ஏழு பேர் என்னைத் திட்டுவார்கள். அவர்களில் ஒருவன் என் மகன்.

இதை ஸ்பீட் போஸ்டில் மகள் கையாலேயே போடச் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு உனக்குக் கிடைத்துவிடும். நடுவில் ஞாயிற்றுக்கிழமை முழுதாக ஒரு நாள் இருக்கிறது. அந்த ஒரு நாளில் என்ன வேண்டுமானாலும் வரும். பாய் மனம் மாறிவிட்டார் என்று வரும். ரயிலில் மயக்கம் போட்டு விழுந்துவிட்டார் என்று வரும். இடம் மாறிவிட்டது, நேரம் மாறிவிட்டது, ஆன்சிக்கு ஏதோ ஆகிவிட்டது, வீட்டுக்கு ஓடு என்று வரும். ஆன்சியை உன்னோடு கூட்டிக்கொண்டு வா, கையை விடாதே.

பத்து மணிக்குக் காவல் நிலைய வாசலில் நில். நான் வரவில்லை என்று எந்த வழியில் செய்தி வந்தாலும், யார் குரலில் வந்தாலும், என் குரலிலேயே வந்தாலும், நீ அங்கேயே நில்.

மஜீது